பால்மா ரின் பூட்டின கார்

இல்லை சேர், இன்னும் எழுதாதேங்கோ. பேனையை மூடுங்கோ ஒருக்கா. அப்பா கிணத்தடியில குளிக்கிறார். உங்களுக்காக வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வருவார். அதுக்குள்ள நான் ஒண்டு சொல்லோணும். இந்தக் காரை உங்கட பழைய கார் ஊர்வலத்தில சேர்க்காதேங்கோ.

ஓம், சரியாத்தான் கேட்டனீங்கள். அப்பா சொல்லச் சொல்ல விண்ணப்பம் எழுதினது நான்தான். எங்கட வீட்டில கம்பஸ் போன முதல் ஆள் நான், இங்கிலீசு வேலை எல்லாம் என்ர தலையிலதான். ஆனா கொழும்பிலயிருந்து ஒரு ஆள் ஜெயபுரத்துக்கு, இந்தப் புழுதிக்குள்ளால, காரைப் பாக்க வருவார் எண்டு ஆர் கண்டது?

வடிவான கார்தான், நான் இல்லையெண்டே சொன்னனான்? இருபத்தொன்பதாம் ஆண்டு ஒஸ்ரின். அப்பப்பா சாவகச்சேரியில ஒரு டொக்டரிட்ட வாங்கி, இஞ்ச காணி கிடைச்சு வரேக்க கொண்டந்தவர். கடைசிச் சண்டையில வைக்கலால மூடிப்போட்டு ஓடினனாங்கள். திரும்பி வரேக்க சில்லு இல்லை, சீற்று இல்லை. உள்ளுக்க ஒரு கோழி அடை கிடந்தது. எங்கட கோழியுமில்லை. சிரியுங்கோ, பரவாயில்லை.

பிழையளை நானே காட்டுறன், இஞ்ச வாங்கோ. இந்தச் சில்லின்ர போல்ற் உழவு மிசினின்ர. சீற்றுக்குள்ள தென்னந்தும்பு. கதவுப் பிடி எங்கட அலுமாரியில கழட்டினது, அம்மா இப்பவும் அலுமாரியைக் கரண்டிக் காம்பாலதான் திறக்கிறவா. ஆனா சேர், இதுகளைச் சொல்லிப் பிரியோசனம் இல்லை. போல்ற் பிழை எண்டால் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடி நாளைக்கே பூட்டிப்போடுவார். எஞ்சினைக் குறை சொன்னால் உங்களோட சண்டைக்கு வருவார். பச்சை நிறத்தைப் பற்றி மட்டும் தயவுசெய்து வாய் திறக்காதேங்கோ. ஓம், மட்காட் ரெண்டும் ரெண்டு பச்சைதான், இரண்டாவது ரின் பெயின்ற் நான்தான் வாங்கிக்கொண்டு வந்தனான். ஒரே பச்சை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். அப்பிடியே இருக்கட்டும்.

நீங்கள் சொல்லவேண்டியது இது. குனிஞ்சு பாருங்கோ. பொனற்றுக்குள்ள, குழாய் பூட்டின சின்னப் பெற்றோல் டாங்கி. பால்மா ரின்தான், அப்பா வெட்டி ஒட்டினது. சண்டைக்காலத்தில அரசாங்கம் பெற்றோல் வரவிடாதேக்க இஞ்ச கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதானே ஓடினது. ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேணும். எஞ்சின் சூடாக, இதை அடைச்சுப்போட்டு மண்ணெண்ணெயைத் திறந்துவிடுறது. நான் பிறக்கேக்க அம்மாவை அக்கராயன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இப்பிடித்தான். அந்த நோவுக்குள்ளயும் அம்மா புகையைத்தான் ஏசிக்கொண்டு போனவாவாம்.

இதைக் கழட்டினால்தான் சேர்ப்பம் எண்டு சொல்லுங்கோ. ஒஸ்ரின்காரன் பூட்டாத சாமான்தானே, பொய்யுமில்லை. அப்பா கழட்டமாட்டார். செத்தாலும் மாட்டார். உங்கட ஊர்வலமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ எண்டுவார். அவர் தோத்த மாதிரி இராது. நீங்கள் தோத்த மாதிரித்தான் இருக்கும், கோவியாதேங்கோ.

லொறியில ஏத்துறதோ, வேற ஆள் ஓடுறதோ? கேட்டுப் பாத்தனான். சொந்தக்காரர்தான் ஓடவேணும் எண்டு உங்கட விதியில இருக்கெல்லே. நீங்கள் விட்டாலும் அவர் விடார். இன்னொருத்தன் ஸ்ரேறிங்கைப் பிடிக்கிறதுக்கோ நான் இவ்வளவு வருசம் துருச் சுரண்டினனான் எண்டு கேக்கிறார்.

இல்லை சேர், எனக்குப் பொறாமையுமில்லை, வெக்கமுமில்லை. ஓடுறதை நான் மறிக்கவுமில்லை. பின்னேரங்களில வாய்க்கால் ரோட்டால ரெண்டு பேரும் போறனாங்கள்தான். அவர் ஓடுவார், நான் பக்கத்தில இருந்து வளைவு, மதகு, மாடு எண்டு சொல்லிக்கொண்டு போவன். போன கிழமை ஒரு மாட்டை நான் சொல்லப் பிந்திப்போட்டன். மாடு தானாத் துள்ளி விலகினது. உங்கட ஊர்வலம் போற ஏ ஒன்பது ரோட்டில கொழும்பு பஸ் வாற வேகத்துக்கு நான் எதை எண்டு சொல்லி முடிக்கிறது?

அந்தா வாறார். சேர், கையை நீட்டிக்கொண்டு நிக்காதேங்கோ, அவர் காணமாட்டார். இடது கண் போய்க் கனகாலம், வலதும் இந்தத் தைப்பொங்கலோட போச்சு. ஊருக்குச் சொல்லேல்லை. வாயைத் திறந்து வணக்கம் சொல்லுங்கோ, சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு நேர வந்திடுவார். பிறகு டாங்கியைப் பற்றிக் கதையுங்கோ, என்ன? சேர்?

அப்பா, இஞ்சால வாங்கோ. கொஞ்சம் இடப்பக்கம். சேர் காருக்கு முன்னால நிக்கிறார்.