கொடுக்கிற கையை நம்பாதவள்

சத்தம் வருகிறது. தெற்கிலிருந்து. ஒற்றை இயந்திரம். தாழப் பறக்கிறது. முதலில் இரைச்சல். பிறகு தகரத்தைக் கிழிப்பது போல ஒரு இழுப்பு. இது எனக்குத் தெரியும். இழுப்பு முடிந்ததும் குண்டு விழும்.

"விழுந்து படுங்கோ!"

கத்துகிறேன். மகளைப் பிடித்துத் தரையோடு அமுக்குகிறேன். அவள் மேல் நான். முழங்கை சிமெந்தில் அடிபடுகிறது. கண்ணை மூடிக்கொள்கிறேன். வாயை மூடவில்லை. வாய் திறந்திருந்தால் காது கிழியாது என்று ஊரில் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

குண்டு விழவில்லை.

"அல்லேலூயா!" யாரோ அலறுகிறார்கள். பிறகு எல்லோரும். "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என் தலையில் கைகள். முதுகில் கைகள். ஒரு கை என் மகளை எனக்குக் கீழிருந்து இழுக்கிறது. மிதிபட்டுவிடுவாள் என்று இழுத்திருப்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தக் கையைக் கடித்தேன்.

இது இரும்புலியூர். தாம்பரத்துக்குப் பக்கம். 1991 ஜனவரி. வெள்ளிக்கிழமை பகல். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜெபக் கூடம். பெண்கள் உபவாசம் இருந்து ஜெபிக்கிற நாள். மேலே போனது விமானப் படைத் தளத்துப் பயிற்சி விமானம். தினமும் போகும். இந்த ஊர்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் ஒவ்வொரு தடவையும் விழுந்தேன். அறைக்குள் விழுந்தால் யாருக்கும் தெரியாது. அன்றைக்குச் சபை நடுவில் விழுந்துவிட்டேன்.

பாஸ்டர் அப்போது கடவுளின் அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றையும் எதிர்பார்க்காமல் நம்மை நேசிக்கிறவர் என்றார். நேரம் பார்த்து நான் விழுந்தேன். அந்தச் சபையில் ஆவியானவர் தொட்டு விழுகிறவர்கள் உண்டு. என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஒரு விமானத்துக்குப் பயந்து விழுந்தவளை ஆண்டவர் தொட்டதாக நினைத்து அழுதார்கள். நல்ல கூத்து.

கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் இன்னொருத்தி கிடந்தாள். குப்புற. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தாள், நான் செய்தது போலவே. ஸ்டெல்லா அக்கா. நான் குடியிருந்த லைன் வீட்டில் அடுத்த போர்ஷன். என்னை அந்தக் கூடத்துக்குக் கூட்டிப்போனவள் அவள்தான்.

நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். வாசிக்கிறவர்கள் என்னைக் கல் நெஞ்சுக்காரி என்று முடிவுகட்டக் கூடாது.

எங்கள் ஊர் மன்னாருக்கு வடக்கே. நெல்லும் எள்ளும் விளையும் ஊர். முதலில் பெடியள் வந்தார்கள். ஆயுதம் தூக்கிய எங்கள் பிள்ளைகள். மா மூட்டை கொடுத்தார்கள். பிறகு என் தம்பியைக் கேட்டார்கள். தம்பி போனான். 1990 ஆனி மாதம் மறுபடி சண்டை. ஆமிக்காரர்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். ஒருவன் வேலியடியில் குந்தி, என் மகன் நிமலனுக்கு ஒரு பிஸ்கட் பக்கெட் கொடுத்தான். சிரித்துக்கொண்டே கேட்டான், அப்பா எங்கே என்று. ஆறு வயதுப் பிள்ளை. கையைக் காட்டினான். அவன் அப்பா கொட்டிலுக்குப் பின்னால் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். ஜீப் போகிறது. நிமலன் வாயில் பிஸ்கட். நான் இன்னும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த மாதம் கடற்கரை. படகுக்குக் காத்திருந்தோம். வெயில் ஏறிவிட்டது. விமானம் ஒன்று கடல் பக்கமிருந்து வந்தது. "படுங்கோ! படுங்கோ!" யாரோ கத்தினார்கள். நான் வதனியை அமுக்கினேன். அவளுக்கு மூன்று வயது. நிமலன் என் கையை விட்டுவிட்டு ஓடினான். பிள்ளை பயந்தால் ஓடத்தானே செய்யும்? மணல் எழும்பியது. மணல் விழுந்தபோது அவன் எழும்பவில்லை. சேலையில் சுற்றி அங்கேயே புதைத்தோம். படகுக்காரன் அவசரப்படுத்தினான். கடலில் குளிருக்கு வதனிக்கு ஒரு போர்வை கொடுத்தான். இந்தியக் கரையில் இறங்கும்போது என் காப்புகளைக் கழற்றச் சொன்னான்.

கொடுத்தவன் எல்லாம் பிறகு கேட்டான். இதுதான் நான் படித்த பாடம்.

இரும்புலியூரில் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி இருந்தான். அவன் கனடாவுக்குப் போனான். அறை எனக்கு மிஞ்சியது. ஜிஎஸ்டி ரோட்டுக்குப் பின்னால் ஒரே வரிசையாக ஐந்து போர்ஷன். பொதுவில் ஒரு கிணறு. வீட்டுக்காரர் முனுசாமி. பயிர் வைத்த நிலத்தை மனையாக்கி விற்றவர். வாய் பெரிசு. மனசும் மோசமில்லை.

ஸ்டெல்லா அக்கா ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். புருஷன் செத்துப் பல வருஷம். பிள்ளை இல்லை. நான் வந்த முதல் வாரமே கதவைத் தட்டினாள். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

வாங்கினேன். வதனி கையில் கொடுக்கவில்லை. தெருநாய்க்குப் போட்டேன். நாய் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வாலை ஆட்டியது.

பிறகு கஞ்சி கொண்டுவந்தாள். பிறகு வெட்டுத் துணியில் வதனிக்கு ஒரு கவுன். கவுனின் ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. மறுபடி தைத்து மாட்டிவிட்டேன். அவள் என் ஊரைக் கேட்கவில்லை. கணவரைக் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கேள்வி கேட்காதவளுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். போலீசுக்குச் சொல்கிறவளா? மதம் மாற்றுகிறவளா? இல்லை, பிள்ளையில்லாதவள் என் பிள்ளையைப் பார்க்கிறாளா? எனக்கு மிஞ்சியது வதனி ஒருத்திதான். வதனி தூங்கும்போதும் அவள் காலில் என் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவேன்.

ஜெபத்துக்குக் கூப்பிட்டாள். போனேன். பக்தியால் அல்ல. கொடுத்ததற்கு என்ன விலை என்று பார்க்கத்தான் போனேன். அன்றைக்குத்தான் விழுந்தேன்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

"ஏன் அக்கா படுத்தனீங்கள்?"

"நீதானேம்மா படுக்கச் சொல்லி கத்துன. படுத்தேன்."

"ஏரோப்ளேன் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும். நீ மட்டும் தனியா தரையில கெடந்த. நின்னு பாக்க மனசு வரல."

நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டர் சொல்லியனுப்பினார். ஆண்டவர் தங்களுக்கு என்ன செய்தார் என்று சபை முன்னால் எழுந்து சொல்வது அவர்கள் வழக்கம். விலை வந்துவிட்டது என்று நினைத்தேன். கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று போனேன். மைக் பக்கத்தில் போய் நின்றேன். வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா அக்கா பாயிலிருந்து எழுந்தாள்.

"பாஸ்டர், அவ ஏரோப்ளேன் சத்தத்துக்குப் பயந்து விழுந்தா. அவ பையன் அப்படி ஒரு ப்ளேன் போட்ட குண்டுலதான் செத்தான். வேற ஒண்ணுமில்ல. அவளைப் பொய் சொல்ல வெக்காதீங்க."

நிமலனைப் பற்றி நான் அவளிடம் சொன்னதில்லை. தூக்கத்தில் மகனே, விமானம், குண்டு என்றெல்லாம் பேரைச் சொல்லிக் கத்துவேனாம். சுவர் மெல்லிசு.

சபையில் முகங்கள் மாறின. அற்புதம் போய்விட்டதே என்ற கோபம். அக்கா பாட்டு நடத்துகிறவள். அடுத்த வாரத்திலிருந்து வேறொருத்தி நடத்தினாள். என்னை மதம் மாற்றத்தான் இத்தனையும் என்றால், நானே விலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன். வேண்டாம் என்கிறாள். அப்போ இவளுக்கு வேறென்னதான் வேண்டும்?

பிள்ளைதான் என்று முடிவு செய்தேன்.

1991 மே மாதம் வந்தது. அந்த மாதம் தமிழ்நாட்டுத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு சிலோன்காரர் என்றாலே தெரு ஒதுங்கியது. கடைக்காரர் சில்லறையைக் கையில் தராமல் பலகையில் வைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அப்படித்தானே எல்லோரையும் பார்த்தேன்?

ஜூன். காலை. கிணற்றடியில் துணி துவைக்கிறேன். தெருவில் ஜீப் நிற்கும் சத்தம். கதவு அறைகிற சத்தம். முனுசாமி வாசலிலிருந்து கத்துகிறார்.

"எம்மா சிலோன்காரம்மா! போலீஸ் வந்துகினு கீது! கொய்ந்தய பாத்துக்க!"

ஜீப் என்றால் எனக்கு ஒரே ஜீப்தான். அதில் ஏறினவர்கள் திரும்பியதில்லை. வதனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். ஸ்டெல்லா அக்கா குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். கழுத்தில் அளவு நாடா. இரண்டு கையையும் நீட்டுகிறாள்.

"குடு."

கேட்டுவிட்டாள். நான் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். கடைசியில் கேட்டேவிட்டாள்.

கொடுத்தேன். நம்பிக் கொடுக்கவில்லை. வேறு கை அங்கே இல்லை. அதனால் கொடுத்தேன். வதனி அலறினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

விசாரித்தார்கள். தம்பியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடிக்கவில்லை. விடவுமில்லை. வேறு பெண்களோடு ஒரு முகாமில் வைத்தார்கள். மழைக்காலம் வரை அங்கே இருந்தேன். படுக்கும்போதெல்லாம் ஒரே யோசனை. இந்நேரம் வீட்டைக் காலி செய்திருப்பாள். வதனிக்கு வேறு பேர் வைத்திருப்பாள். ஞானஸ்நானம் என்று தண்ணீரில் முக்கியிருப்பாள். அம்மா என்று கூப்பிடப் பழக்கியிருப்பாள். அந்தப் பாஸ்டர் சொன்ன கடவுளையும் நினைத்தேன். எங்களுக்காகத் தன் மகனையே கொடுத்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. மகனைக் கொடுக்கிறது என்றால் என்ன என்று தெரியுமா அவருக்கு? என்னிடம் யாரும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள்.

டிசம்பரில் விட்டார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினேன். ஏரி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். முழங்கால் தண்ணீரில் நடந்து போகிறேன். வரிசை வீடு தெரிகிறது. ஸ்டெல்லா அக்காவின் கதவில் பூட்டு.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீருக்குள்.

"அம்மா!"

முனுசாமி வீட்டு மாடிப்படியில் வதனி நிற்கிறாள். வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரையும் மேலே ஏற்றியிருந்தார்கள். அவள் என்னைத்தான் அம்மா என்றாள். எழுந்து படியடிக்குப் போனேன். ஓடி இறங்கிக் கழுத்தைக் கட்டினாள். அவள் நெற்றியைப் பார்த்தேன்.

திருநீறு. மூன்று பட்டை. பழக்கமில்லாத கை பூசியது. ஒரு பட்டை புருவத்தில் ஏறியிருந்தது. காலையில் முகம் கழுவியதும் திருநீறு பூசாமல் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதில்லை.

"ஆர் பூசினது?"

"ஸ்டெல்லா மாமி. ஒவ்வொரு நாளும்."

முனுசாமி படியிலிருந்து சொன்னார். "பூஜ சாமான் கடையில போயி அதுவே வாங்கிகினு வந்துச்சும்மா. சர்ச்சுக்காரங்க வந்து ஒரே பேஜாரு. கிறிஸ்தவச்சி விபூதி பூசலாமான்னு. ஜெபத்துல சாமி பேரச் சொல்லி ரொட்டி குடுப்பாங்களே, அதுகூட உனக்குக் கெடையாதுன்ட்டாங்க. இது கேக்கவே இல்ல."

அக்கா அவருக்குப் பின்னால் நின்றாள். நான் அவளிடம் நன்றி சொல்லவில்லை. அப்போதும் சந்தேகம்தான் முதலில் வாயில் வந்தது. ஏன் பூசினீர்கள் என்று கேட்டேன்.

"நீ தெனம் பூசுவியே. நீ வர்ற வரைக்கும் அவ உன் பொண்ணாவே இருக்கணும்ல? நான் பூசிட்டு, என் ஆண்டவர்கிட்ட ஜெபம் பண்ணுவேன், உன்னைக் கொண்டாந்து விடச் சொல்லி."

நான் அழுதேன். கடற்கரையில் அழவில்லை. ஜீப் போனபோது அழவில்லை. அன்றைக்கு வெள்ளத் தண்ணீரில் நின்றுகொண்டு, வெட்கம் இல்லாமல், வாய்விட்டு அழுதேன். ஒருத்தி அந்த ரொட்டியை, தன் கடவுளின் பந்தியையே விட்டுக்கொடுத்து என் பிள்ளையை எனக்காக வைத்திருந்தாள். அதற்கு மேல் அவளைச் சந்தேகிக்க எனக்குத் தெம்பில்லை.

1994இல் ஞானஸ்நானம் எடுத்தேன். அந்தக் கூடத்தில் அல்ல, வேறு சபையில். யாரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. "யோசிச்சுக்கோ, எனக்காக எடுக்காத" என்றாள். அவள் கும்பிடுகிறவர் அவளைப் போலத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. படுக்கச் சொன்னால் தானும் தரையில் படுக்கிறவர். மகனைக் கொடுத்த தகப்பன் என்றால் மணலில் நான் கிடந்தது போல அவரும் கிடந்திருப்பார். அந்த ஒருவரோடு எனக்குப் பேச முடிந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன். இன்றும் ஜெபம் முடிந்ததும் ஒரு நிமிஷம் காத்திருப்பேன், என்ன கேட்கப்போகிறாரோ என்று. பழக்கம் விடவில்லை. அவர் பொறுத்துக்கொள்கிறார் போலிருக்கிறது.

இனி இழப்பு. மறக்காமல் இருக்க எழுதுகிறேன்.

தம்பி. எங்கே விழுந்தான் என்று தெரியாது. கணவர். ஜீப்பில் போனவர், செய்தி இல்லை. மகன் நிமலன், ஆறு வயது, கடற்கரை. அம்மா. படகில் ஏற மாட்டேன் என்று வீட்டோடு இருந்தாள். வீடும் அவளும் ஒரே நாளில் போனதாகப் பிறகு அறிந்தேன். இரண்டு பரப்பு நிலத்தில் ஒரு தோட்டம். ஒரு கிணறு.

ஸ்டெல்லா அக்கா இழந்ததையும் எழுத வேண்டும். அவள் எங்கேயும் சொல்ல மாட்டாள். சபையில் பாட்டு. பந்தியில் இடம். தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த சபைப் பெண்கள் முக்கால்வாசிப் பேர். இரும்புலியூரில் இருபது வருஷம் சேர்த்துவைத்த நல்ல பேர்.

வதனி இந்தக் கணக்கில் இல்லை.