மதில் பக்கத்துக் கேமரா

— ஏங்க, மெதுவா! ஸ்க்ரூ தெறிச்சி சோபா அடியில போய்டப் போவுது.

— நீ டார்ச்ச நேரா புடி வேணி. எம் மூஞ்சில அடிச்சா கேமரா பொட்டிக்குள்ள எப்படித் தெரியும்?

— புடிச்சிக்கினுதான இருக்கறேன்... ஐய, உள்ள இவ்ளோ தூசா!

— இதான் பழைய டிஸ்க்கு. கடகடன்னு சத்தம் போடுதில்ல, அது இதுதான். ரெண்டு நாள் படம்கூட நிக்க மாட்டேங்குது, பழச அழிச்சிட்டு மேலயே எழுதுது. புதுசு மாட்டிட்டா ஒரு மாசம் அப்படியே இருக்கும்.

— ஒரு மாசமா?

— ஏன், வாயப் பொளக்கற?

— இல்ல... நம்ம பின்னாடி மதில்ல காக்கா குந்தறத ஒரு மாசம் யாரு பாப்பாங்க?

— உம் புள்ளதான். குரு ஞாயித்துக்கெழம மெட்ராஸ்லேர்ந்து வரான்ல. பின்னாடி வூட்டு சித்தப்பன் மதிலு மேல கை வெச்சானான்னு பாக்கணுமாம்.

— அவன் ஒருத்தன்! அண்ணந்தம்பி நீங்க ரெண்டு பேரும் ஒரு அடி எடத்துக்கு மொறச்சிக்கினு பேசாம இருக்கறீங்க. இவன் கேமராவ வேற மாட்டி, எரியறதுல எண்ணெய ஊத்தறான்.

— சரி சரி... அந்தப் புக்கப் படி. எந்த டிஸ்க்கு சேருமாம்?

— இருங்க... ஐ-டி-இன்னு போட்டிருக்கு, பட்டை வயரு டிஸ்க்கு மட்டும்தானாம். எரநூத்தம்பது ஜிபி வரைக்கும்.

— நான் வாங்கினு வந்தது ஐநூறாச்சே.

— அப்ப சேராது!

— ஏய், மொதல்ல சொருகியாவது...

— இங்க பாருங்க. பழசுக்கு அகலமா பட்டை வயரு, தறியில பாவு நூலாட்டம் வரிசையா ஓடுது. புதுசுல வெரலகலத்துக்கு சின்ன வாயி. எங்க சொருகுவீங்க?

— கொஞ்சம் அழுத்தினா...

— அழுத்தறதுக்கு இன்னா, மாவா? சேராதுங்க. மூடிடுங்க பொட்டிய.

— சேராததுக்கு இன்னாடி இவ்ளோ சந்தோஷம்? பல்லு அத்தினியும் தெரியுது.

— எனக்கா? டார்ச்சு வெளிச்சம்...

— வேணி...

— இருங்க, இந்தப் புக்க உள்ள வெச்சிட்டு வரேன்.

— வேணி!

— சரி, சொல்லிட்றேன். திட்டக் கூடாது. உங்க தம்பி பொண்டாட்டி ஜீவிதாக்கு எட்டு மாசம். கூட மாட ஒரு பொம்பள இல்ல அந்த வூட்ல. நீங்க மாகறலுக்கு வயலப் பாக்கப் போனதும், மதிலு மேலயே ஒரு கிண்ணம் கொழம்பு...

— அது கிண்ணமா? குண்டானு! நேத்து டீவில போட்டுப் பாத்தேனே.

— ஐயோ! பாத்துட்டா சும்மா இருந்தீங்க? பின்ன எதுக்குப் புது டிஸ்க்கு?

— கடைக்காரரு கோவர்தன் கேட்டுக் கேட்டுப் பாத்தாரு, "பட்டை வயரா, சின்ன வயரா, பாத்துச் சொல்லுங்க"ன்னு. தெரிஞ்சேதான் சின்னதக் குடுன்னேன். பழசு ரிப்பேரு, கழட்டியாச்சி. புதுசு சேரல. குருவுக்கு அவ்ளோதான் பதிலு.

— எனக்காகவா இதெல்லாம்?

— உனுக்காகன்னு சொன்னா பொய்யிடி... அந்தப் பழைய டிஸ்க்குல நீ வாசல்ல கோலம் போடற நேரத்தப் போட்டுப் பாரு. எந் தம்பி கண்ணாயிரம் மதிலுக்கு அந்தாண்டலேர்ந்து ஜீவிதா போட்ட டீய நீட்றான், நானு இந்தாண்ட நின்னு குடிச்சிக்கினு இருக்கறேன்.