‘ஜாகா’ திறந்த கேட்

– உங்க பேரை நீங்களே அடிங்க, மகதலேனா அக்கா. எம்-ல ஆரம்பிங்க.

– எனக்கு எதுக்கு திமோத்தி தனியா ஒன்னு? இத்தனை நாளா நீ, நான், நாகையா அண்ணன், காவலுக்கு நிக்கிற மூணு ஜாகாவும் ‘ஜாகா’ங்கிற ஒரே பேர்லதானே கம்ப்யூட்டர்ல உள்ள போய் கேட்டைத் திறந்தோம். இந்த அடுக்குமாடி காண்டோ இடிஞ்சா விழுந்துச்சு?

– அதான் பிரச்சினையே லா. ஒன்பதாவது மாடி சீவரத்தினம் கம்ப்ளெய்ன் பண்ணிட்டாரு. பிரிஞ்சு போன சம்சாரத்தை உள்ள விடாதீங்கன்னு சொல்லியும் யாரோ விடுறாங்களாம். வாரத்துல ரெண்டு நாள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தா, திறந்தது ‘ஜாகா’. எந்த ஜாகா?

– கேமராவுல பார்க்க வேண்டியதுதானே.

– அது மழையில கெட்டுப் போய் கறுப்பா கிடக்கு. அதான் மேனேஜர் சொல்லிட்டாரு, ஆளுக்கு ஒரு அக்கவுண்ட், ஆளுக்கு ஒரு பாஸ்வர்ட். இனிமே யாரு திறந்தாலும் பேரு விழும். அந்தம்மாவை விட்ட ஆளு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

– அப்ப எனக்கு வேணாம். நீங்க ரெண்டு பேரும் இங்க உட்காருங்க. நான் ரௌண்டு போறேன்.

– அந்த முட்டியை வச்சுக்கிட்டா? நேத்து இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கவே என் தோளைப் புடிச்சீங்க.

– தைலம் போட்டா சரியாயிரும்.

– அக்கா, என்னைப் பாருங்க.

– பார்த்தா என்ன? ஆமா, நான்தான். அவ கிள்ளான்ல இருந்து கொமுட்டர் ரயில் ஏறி, பேக்டரி உடுப்போட வர்றா. பையில ஒரு சீப்பு. நீச்சல் குளத்துப் பக்கத்துல பிள்ளையை உட்கார வச்சு தலை பின்னி விடுறா. அந்த மனுஷன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள கிளம்பிடுறா. வரக்கூடாதுன்னு கோர்ட்டா சொல்லுச்சு? அவரு வாய்தானே சொல்லுச்சு.

– வேலை போனா என்ன பண்ணுவீங்க? உங்க ஒரு ஆளு சம்பளம்தானே வீட்டுல.

– அதை யோசிக்காமலா இருக்கேன்? மாதாவே, நீதான் வழி காட்டணும்னு சொல்லிக்கிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டைத் திறக்குறேன்.

– இனிமே வந்தாங்கன்னா? ‘வராதீங்க’ன்னு சொல்லிருங்க. முடிஞ்சது கதை.

– நீ சொல்லுவியா? அந்தப் பிள்ளை முன்னாடியே கீழ வந்து, ரிப்பனைக் கையில சுத்திக்கிட்டு நிக்கும். அதுக்கிட்டயும் நீயே போய்ச் சொல்லு.

– அது என்னால முடியாதுக்கா.

– அப்ப நகரு. எம் எங்கடா இருக்கு இதுல?

– கீழ் வரிசை. கடைசிப் பக்கம்.

– இருடா, அவசரப்படுத்தாத. ம்... பாரு, மகதலேனா. சரியா இருக்கா?

– சரியாத்தான் இருக்கு. ஆனா அவங்களுக்குத் திறந்தா இந்தப் பேருதான் விழும்.

– விழட்டும். யாரோ ஒரு ஜாகா திறந்தான்னு இருக்கிறதை விட மகதலேனா திறந்தான்னே இருக்கட்டும். மேனேஜர் கூப்பிட்டா போய் நிப்பேன். ஆனா வாரம் ரெண்டு நாளுன்னு சொன்னதை ஒத்துக்க மாட்டேன். நான் திறந்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அந்த சீவரத்தினம் கூட்டிச் சொல்றாரு.

– கூட்டிச் சொல்லலக்கா. செவ்வாய்க்கிழமை நான்.