பனித்தொட்டியில் பத்து நிமிஷம்

– பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம், கோச். இப்பவே பதினஞ்சு ஆகியிருக்கும். இடுப்புக்குக் கீழ எனக்குன்னு ஒண்ணும் மிச்சமில்லை.

– உக்காரு மார்செலஸ். இந்த ஒரு வாளி ஐஸையும் கொட்டிட்டுப் போயிடறேன். ஹோரஸ், நீ கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு. தொட்டி முழுக்க உன் முட்டிதான் இருக்கு.

– எங்க தள்றது கோச்? ஏழடி உடம்பை மடிச்சா வைக்க முடியும்? மகராசாவைக் காலை அந்தப் பக்கம் இழுத்துக்கச் சொல்லுங்க.

– அவர்கிட்ட எதுக்குச் சொல்றே பெருசு? நான் உன் மூக்குக்கு முன்னாலதான் இருக்கேன்.

– அது சரி. கோச், அவன்தான் என்கூடப் பேசறதில்லை, ஞாபகம் இருக்கான்னு கேளுங்க.

– நான் தபால்காரன் இல்லை கண்ணுங்களா. நீங்க பேசிக்கணும்னுதான் ரெண்டு பேரையும் ஒரே தண்ணியில போட்டிருக்கேன். போனைக் குடுங்க. ரெண்டையும்.

– போனா? கோச், இன்னைக்கு வியாழக்கிழமை. ரெண்டு மணியோட கெடு முடியுது. அதுக்குள்ள எவனை வேணும்னாலும் எந்த ஊரு டீமுக்கு வேணும்னாலும் மாத்தி விட்டுடலாம். நாட்டுல இருக்கிற அத்தனை பாஸ்கெட்பால் ஆட்டக்காரனும் இந்நேரம் போனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்.

– அதனாலதான் கேக்கிறேன். குடு.

– இந்தாங்க. உங்க விசில் எங்க கோச்? கழுத்துல காணோம்? தூங்கறப்பகூட அதைக் கழட்ட மாட்டீங்கன்னு உங்க வீட்டம்மா சொல்வாங்களே.

– அறையில கிடக்கும் ஹோரஸ். நான் வந்து சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் எழுந்திரிக்கக் கூடாது.

– போயிட்டார். பார்த்தியா பெருசு, போற போக்குல கடிகாரத்து மேல துண்டைப் போட்டு மூடிட்டுப் போறார்.

– எனக்கு இது பன்னெண்டாவது வருஷம். அஞ்சு ஊரு, எட்டு கோச்சு. சண்டை போட்டவங்களை மத்தவங்க எல்லாம் ஓட விடுவாங்க. இவர் ஒருத்தர்தான் ஊற வைக்கிறார்.

– ஊறுகாய் மாதிரி.

– ம்.

– உன் பொண்ணு லெனோரா எப்படி இருக்கா?

– இருக்கா. ஞாயித்துக்கிழமை ஆனா உனக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறா. நான் ஒண்ணும் சொல்றதில்லை. அவங்கம்மா செய்யற வெண்ணெய் கேக்குல உனக்குன்னு ஒரு துண்டை எடுத்து மூடி வைக்கிறா. திங்கக்கிழமை காலையில அதை நான் தின்னுடறேன்.

– அஞ்சு வாரமாவா?

– அஞ்சு வாரம், அஞ்சு துண்டு. முட்டிக்குப் பாரம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு டாக்டர் திட்டறார். அதுக்கும் நீதான் காரணம்.

– சண்டைன்னு அவகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?

– என்னன்னு சொல்றது? உன் ஞானத்தகப்பன் டிவியில உங்கப்பனைப் பத்தி இப்படிப் பேசினான்னா? ‘பெருசோட முட்டி போன வருஷமே ரிட்டயர் ஆயிடுச்சு, ஆளுக்குத்தான் இன்னும் கடிதாசி வரலை.’ கிறிஸ்துமஸ் அன்னைக்குத் தோத்துட்டு வந்து நீ சொன்னது. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் போனா, பசங்க அவ முன்னால நொண்டி நொண்டி நடந்து காட்டினாங்களாம்.

– அது எனக்குத் தெரியாது.

– உனக்கு எப்படித் தெரியும்? என்கிட்டயே அவ சொல்லலை. அவங்கம்மா சொன்னா.

– சத்தியமா விளையாட்டாத்தான் சொன்னேன் பெருசு. தோத்த கடுப்பு. மைக்கை மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. வாயில வந்துடுச்சு.

– வாயில வந்ததெல்லாம் முதல்ல மனசுல இருந்ததுதான்.

– சரி, என் வாய் தப்பு. ஒத்துக்கிறேன். உன் கை? டென்வர் மேட்ச்ல என்ன பண்ணினே? கோச் வந்த முதல் நாள் என்ன சொன்னார்? நம்மள்ல ஒருத்தன் விழுந்தா மிச்ச நாலு பேரும் ஓடி வந்து தூக்கணும், இந்த டீம்ல ஒருத்தனும் தானா எழுந்திரிக்கக் கூடாதுன்னார். நான் உன் கால்கிட்ட விழுந்தேன். ரெண்டு எட்டு தூரம். கையை நீட்டினேன். நீ என்னைப் பார்த்தே, திரும்பினே, நடந்து போயிட்டே. இருபதாயிரம் பேர் பார்த்தாங்க. நான் மல்லாந்து கிடந்து கூரையில எத்தனை விளக்குன்னு எண்ணிக்கிட்டிருந்தேன்.

– எண்ணி முடிச்சியா?

– சிரிக்காதே. ஆறு வருஷமா எனக்காக மறிச்சு நிக்கிறே. என்னைத் துரத்திக்கிட்டு வர்றவன் உன் நெஞ்சுல மோதி நிக்கிறான், நான் உன் முதுகைச் சுத்திப் போய்ப் பந்தைப் போடறேன். பேரு எனக்கு, அடி உனக்கு. இது எனக்குத் தெரியாதா? அப்படிப்பட்ட ஆளு கையைக் குடுக்கலைன்னா எனக்கு எப்படி இருக்கும்? அன்னைக்கு ஹோட்டல்ல அழுதேன், தெரியுமா உனக்கு?

– குனிய முடியலை.

– என்ன?

– டென்வர்ல. குனிய முடியலைடா. முட்டி அப்படியே பூட்டிக்கிச்சு. உனக்குக் கை குடுக்கக் குனிஞ்சிருந்தா உன் பக்கத்துலயே நானும் உக்காந்திருப்பேன். அப்புறம் என்னைத் தூக்க நாலு பேர் பத்தாது. அத்தனையும் டிவியில வந்திருக்கும். நீ கிறிஸ்துமஸுக்குச் சொன்னது உண்மைதான்னு நானே ஊருக்கு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருக்கும். நடக்க மட்டும் முடிஞ்சுது. அதான் நடந்தேன்.

– ஹோரஸ்.

– திடீர்னு பேர் சொல்லிக் கூப்பிடாதே, பயமா இருக்கு. பெருசுன்னே சொல்லு.

– ஏன் என்கிட்ட சொல்லலை?

– உன்கிட்டயா? மைக்கைப் பார்த்தா வாய் நிக்காத உன்கிட்டயா?

– அது சரி.

– அது என் வார்த்தை.

– தெரியும். மேல என்ன சத்தம் அது?

– அவர் அறைதான். இழுப்பறை எல்லாத்தையும் இழுத்துப் போட்டு எதையோ தேடறார். விசிலா இருக்கும்.

– பெருசு, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ என்னை இந்தத் தண்ணியிலயே முக்கிடுவே.

– தண்ணி இடுப்பளவுதான். சொல்லு.

– திங்கக்கிழமை மேனேஜரைப் பார்த்தேன். ஒண்ணு அவன் இருக்கணும், இல்லை நான் இருக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவன்னா, நீ.

– திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?

– இப்ப அதுவா முக்கியம்?

– சொல்லேன் மகராசா.

– காலையில பத்து மணிக்கு.

– அதான். செவ்வாக்கிழமை நான் போய் உக்காந்து வாயைத் திறந்ததுமே அந்த மனுஷன் நெத்தியில கையை வெச்சுக்கிட்டார்.

– நீயும் போனியா? என்னை அனுப்பச் சொல்லியா?

– மகராசா இருக்கிற ஊர்ல இனி எனக்கு வேலையில்லைன்னு சொன்னேன். யோசிச்சு யோசிச்சு, கார்லயே நாலு தடவை சொல்லிப் பார்த்துட்டுப் போய்ச் சொன்னேன். அதுக்கு அவர், நான் தலையிட மாட்டேன், கோச் ஒரு பேரைக் குடுக்கட்டும், வியாழக்கிழமை மத்தியானம் பன்னெண்டுக்குள்ள குடுக்கணும்னு சொல்லி அனுப்பிட்டார்.

– என்கிட்டயும் அதையேதான் சொன்னார்.

– அப்போ பேரு போயிடுச்சு. பயிற்சி முடிஞ்சு இங்க இறங்கறப்பவே ஒண்ணரை ஆயிடுச்சே.

– அதான் போனைப் பிடுங்கிட்டுப் போயிருக்கார். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் இந்நேரம் சாக்ரமென்டோவோ எங்கயோ, வேற டீம்காரன்.

– நான்தான். முட்டி போனவனை எவன் வெச்சுப்பான்? லெனோராவுக்கு இது அஞ்சாவது பள்ளிக்கூடமா இருக்கும். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு சிநேகிதி பிடிக்க அவளுக்கு மூணு மாசம் ஆகுது. இங்க செயின்ட் லூயிஸ் வந்தப்புறம்தான் கொஞ்சம் சிரிக்க ஆரம்பிச்சா. இடது கையால பந்து போட வேற கத்துக் குடுத்துட்டே நீ.

– முட்டி போனவனை எவன் கேப்பான்? விலை போறவன் நான்தான் பெருசு.

– ஆறுதல் சொல்றியா, பீத்திக்கிறியா?

– ரெண்டும்தான். கேளு. நான் போக மாட்டேன், நீயும் போகக் கூடாது. எழுந்திரு. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கிறோம்னு ரெண்டு பேரும் கோச்கிட்ட போய் நிப்போம். ரெண்டு மணி ஆகியிருக்காது.

– எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே.

– ஏழடி வளர்ந்தும் இன்னும் வாத்தியாருக்குப் பயப்படறே பாரு.

– எனக்கு அவரைப் பிடிக்கும்டா. என் முட்டியைப் பார்த்து ஒரு நாள்கூட முகம் சுளிக்காத ஒரே கோச். சரி, நீ முதல்ல எழுந்திரு.

– கால் மரத்துப் போச்சு. கையைக் குடு.

– எனக்கும்தான். நீ குடு.

– சேர்ந்தே எழுந்திரிப்போம். என் தோளைப் பிடிச்சுக்கோ. மெதுவா, முட்டியைப் பார்த்து.

– நீ இத்துனூண்டு ஆளு, தாங்குவியா?

– ஆறு வருஷமா நான்தானே உன் பின்னால ஒளிஞ்சேன். ஒரு நாள் நீ சாஞ்சுக்கோ. பிடிச்சிட்டேன். விட மாட்டேன்.

– யாரு எழுந்திரிக்கச் சொன்னது?

– கோச், மணி என்ன?

– ரெண்டு அஞ்சு. கெடு முடிஞ்சுது மார்செலஸ்.

– ஐயோ கோச். தப்பு எங்க மேலதான். சத்தியமா நான் திங்கக்கிழமை சொன்னதெல்லாம் கோவத்துல சொன்னது. பெருசை எங்கயும் அனுப்பாதீங்க. அனுப்பியிருந்தா திரும்பக் கூப்பிடுங்க.

– இவனை அனுப்பியிருந்தாலும் கூப்பிடுங்க கோச். ஞாயித்துக்கிழமை கேக்கை எத்தனை நாளைக்கு நானே தின்னுக்கிட்டிருக்கிறது?

– முடிச்சீங்களா? இந்தாங்க போன். ரெண்டு பேரும் எங்கயும் போகலை. ரெண்டு பேரும் இங்கதான் ஆடப் போறீங்க.

– ரெண்டு பேருமா? நிஜமா?

– நிஜமாத்தான் கண்ணு. துண்டைக் கட்டிக்கிட்டு வாங்க, வாசல்ல ஒரு பெட்டி இருக்கு, என் கார் வரைக்கும் கொண்டு வந்து வைக்கணும். எனக்கு முதுகு ஆகாது. மார்செலஸ், கீழ்ப்பக்கம் நீ பிடி. ஹோரஸுக்குக் குனிய வராது.

– அது உங்களுக்கு எப்படித் தெரியும் கோச்?

– டென்வர்ல பெஞ்சுலேர்ந்து உன் முகத்தைப் பார்த்தேன் ஹோரஸ். அதை நான் சொல்லக் கூடாது, உன் வாயால நீயே அவன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்.

– பெருசு, இந்தப் பெட்டியைப் பாரு. அவரோட காபிக் கோப்பை. அவர் பொண்ணு படம். விசிலும் இதுலதான் கிடக்கு.

– கோச், மேனேஜர் உங்ககிட்ட ஒரு பேரு கேட்டாரே. யார் பேரைக் குடுத்தீங்க?

– என் பேரைத்தான். மத்தியானம் பன்னெண்டு மணியிலேர்ந்து நான் உங்க கோச் இல்லை கண்ணுங்களா, ஆனாலும் நான் சொன்னேன்னு ரெண்டு பேரும் அந்த ஐஸ் தண்ணியில உக்காந்தீங்க பாருங்க, எனக்கு அது போதும்.