கூரையில்லாத கோயிலில் கழற்றிய செருப்பு

மலாக்காவிலிருந்து மஸ்ஜித் தானா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தகப்பனும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். குன்றின் மேல் கூரையின்றி நிற்கும் பழைய மாதா கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தவறு. தெரிந்தேதான் கேட்டேன்.

“உள்ளங்கால் வெந்து போச்சும்மா,” என்றார் அவர்.

“யாருப்பா உங்களச் செருப்பக் கழட்டச் சொன்னது? அங்க எல்லாரும் சப்பாத்தோடதான் நடக்கிறாங்க.”

“கோயில்னா கழட்டணும்ல.”

“கூரையே இல்ல. பூசையும் இல்ல.”

“அதுக்காக?”

“உங்களப் பாத்து அந்த வெள்ளக்காரன் குடும்பமும் கழட்டிட்டு, சூட்டுல குதிச்சாங்க லா!”

இருவரும் சிரித்தார்கள். பிறகு மகள் குரலைத் தாழ்த்தினாள்.

“இடிஞ்ச கோயிலுக்கே இவ்வளவு மரியாத குடுக்கிறீங்க. நான் கட்டிக்கப் போற அந்தோணியோட சர்ச்சுல கல்யாணம்னா மட்டும், வாசப்படி மிதிக்க மாட்டேங்கிறீங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படி வாய்மூடி இருந்தே நான் இழந்தவை உண்டு. தஞ்சோங் கிளிங்கில் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

அடுத்த நிறுத்தமும் தாண்டியதும் அவர் கேட்டார்.

“அங்க பொண்ணு கையப் பிடிச்சு அப்பாதான் உள்ள கூட்டிட்டுப் போகணுமாமே?”

“ஆமாப்பா. நீங்க வரலன்னா, மாமா வர்றேன்னாரு.”

“அவன் எதுக்கு? ஆனா கோட்டெல்லாம் போட மாட்டேன். வேட்டிதான்.”

“சரிப்பா.”

“வேட்டி தடுக்கும். நீ கொஞ்சம் மெதுவா நட, என்ன?”