பின்பக்கம் எழுதாத லெட்டர்

...அந்தக் கிளாஸ ஆரம்பிச்சவங்களச் சொல்லணும் சார். அறுபது வயசுப் பொம்பளைக்கு எதுக்கு ஆனா ஆவன்னா? என் வீட்டுக்காரி கமருன்னிஸாவத்தான் சொல்றேன். நன்னிலத்துல எங்க தெரு ஸ்கூல்லயே சாயங்காலம் நடத்துறாங்க. குர்ஆன் அழகா ஓதுவா, தமிழ்ல மட்டும் கைநாட்டு. ஆறே மாசம்... இப்ப ஒரு போர்டு விடுறதில்ல. என் இருமல் மருந்த எடுத்துப் பாத்துட்டு, இது போன வருஷமே முடிஞ்சிடிச்சுங்கன்னு குப்பையில போட்டா. முக்கா பாட்டில் நான் குடிச்சப்புறம்.

பஸ் கும்பகோணம் போற வரைக்கும் நீங்க பேப்பர் படிங்க சார், காது சும்மாத்தானே இருக்கு.

அதோட விட்டாளா? பரண்லேர்ந்து தகரப் பெட்டிய எறக்கினா. நான் சவூதியில, தம்மாம்ல பத்தொம்பது வருஷம் இருந்தேன்ல, அப்ப எழுதுன லெட்டரெல்லாம் அதுல கெடக்கு. எல்லாம் எங்கம்மா பேருக்கு. அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது, இவளுக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு ஷம்சாத் பத்தாவது படிச்சவ, அவதான் வந்து படிச்சுக் காட்டுவா.

மூணு நாள் எழுத்துக்கூட்டிப் படிச்சா சார். நாலாம் நாளு வந்து, பின்பக்கம் எங்கங்கன்னு கேட்டா. எந்தப் பின்பக்கம்னேன். அம்மாவுக்கு முன்பக்கத்தப் படிச்சிட்டு, ஷம்சாத் இவள அடுப்படிக்குக் கூப்புடுவாளாம். இது ஒனக்கு மட்டும்னு திருப்பி வச்சுப் படிப்பாளாம். மழையில துணி எடுக்க ஓடாத, வாசல் வழுக்கும். நான் பாக்கலன்னு பூ வைக்காம இருக்காத. இந்த மாதிரி, மாசா மாசம்.

நான் சிரிச்சிட்டேன் சார். அதான் தப்பு. "பின்பக்கம் நான் எழுதுனதே இல்லையேடி"ன்னுட்டேன்.

பதினோரு நாளாச்சு, பேச்சே இல்ல. சோறு வருது, தண்ணி வருது, பேச்சு வரல.

என்ன, அப்பிடிப் பாக்குறீங்க? முன்பக்கம் நல்லாத்தான் எழுதியிருந்தேன். எருமை கன்னு போட்டுச்சா, குறுவை அறுத்தாச்சா, எல்லாம் கேட்டிருக்கேன். இவளக் கேக்கலதான். எட்டாவது வரைக்கும் ஸ்கூல்ல எனக்குச் சொல்லிக்குடுத்தது லீவ் லெட்டர் சார். காய்ச்சல் காரணமா வர இயலலன்னு. அத வச்சுப் பொண்டாட்டிக்கு என்ன எழுதுறது? அது சரி, ஷம்சாத்தும் அதே ஸ்கூல்தான்...

லீவுல வரும்போதெல்லாம் விழுந்து விழுந்து கவனிப்பா. நீங்க எழுதுனதே போதுங்கம்பா. எருமைய விசாரிச்சதுக்கா இவ்வளவுன்னு நெனச்சுக்குவேன். மிச்சமெல்லாம் என் மூஞ்சிக்குன்னு வச்சிக்கிட்டேன்.

இன்னைக்குக் காலையில ஒரு கவர நீட்டுனா. ஷம்சாத் இப்ப கும்பகோணத்துல மக வீட்ல இருக்கா, குடுத்துட்டு வாங்கன்னா. பதினோரு நாள்ல அதான் மொதப் பேச்சு. ஒட்டக்கூட இல்ல. நான் படிக்கணும்னே ஒட்டாம விட்டிருக்கா. பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன்.

"ஷம்சாத்துக்கு கமருன்னிஸா எழுதுவது. இது என் முதல் லெட்டர். பத்தொம்பது வருஷமா என்னை விசாரிச்சது யாருன்னு இப்பத்தான் தெரிஞ்சது. உன் முட்டி வலி தேவலையா? மாடிப்படி ஏறாதே. கொண்டுவர்றவருக்கு ஒரு டீ குடுத்து அனுப்பு."

கொண்டுவர்றவர். நான்தான் சார் அது. கட்டி நாப்பத்தோரு வருஷம்.

சண்டை போடணும்னுதான் கெளம்புனேன். இல்லாதத எதுக்குடி படிச்சேன்னு நாலு வார்த்த கேக்கலாம்னு. இப்ப என்ன தோணுதுன்னா... அவ என்னென்ன படிச்சான்னு கேட்டு எழுதிக்கிட்டு வந்துட்டா, நாம எழுதினாப்ல ஆயிடும்ல? ரெண்டு மூணாவது ஞாபகம் இருக்காதா அவளுக்கு?

பேனா இருக்கா சார் ஒங்ககிட்ட?

என்ன, எந்திரிச்சிட்டீங்க... நாச்சியார்கோவில்தானே வந்திருக்கு. கும்பகோணத்துக்கில்ல டிக்கெட் எடுத்தீங்க?