கட்டைவிரல் துரு

அந்த முக்காலி வேணாம், கால் ஆடும். இப்படி உக்காருங்க தம்பி. உங்க துப்பாக்கி பாதிதான் முடிஞ்சிருக்கு. துரு ஏறாம இருக்கப் பூசுற நீல மெருக ஏன் இன்னும் ஏத்தலைன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

இந்தத் திருகக் கழட்டப் பாத்தது நீங்கதானே? அங்க என்ன பார்வை, திருகோட தலையே காட்டிக் குடுக்குது. எதால திருப்பினீங்க? வெண்ணெய் தடவுற கத்தியாலயா! அடப்பாவி.

அதுலதான் வரிசை மாறிப்போச்சு. எப்பவும் மொதல்ல கைப்பிடியில இருக்குற மரக்கட்டையத்தான் கழட்டுவேன். உங்க திருகு அசைஞ்சே குடுக்கல. எண்ணெயில ஊறட்டும்னு விட்டுட்டு, மேல் பாகத்த உருவி உப்புத்தாளக் கையில எடுத்தேன். சும்மா இருக்குற கையா இது?

இடது பக்கம் ஒரு துருக்கறை இருந்துச்சே, பாத்தீங்களா? கட்டைவிரல் அளவு. ரேகைகூட அப்படியே பதிஞ்சிருந்துச்சு. சில பேரோட வேர்வை அப்படி, தொட்ட இரும்ப அரிச்சிடும். யாருடா இந்த உப்புக்கைக்காரன்னு சிரிச்சுக்கிட்டே தேச்சேன்.

மறுநாள் திருகு கழண்டு வந்துச்சு. கட்டைக்கு அடியில ஒரு எழுத்து, ஆணியால கீறினது. இதோ. இல்ல தம்பி, இத மட்டும் தேய்க்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க.

பில்லிங்ஸ் சந்தையிலதானே வாங்கினீங்க? வித்தவன் பேரு? தொப்பி போட்ட ஆளா... மொன்டானாவுல தொப்பி போடாதவன் யாரு? அவனுக்கு எப்படிக் கெடச்சுதாம்? மலைமேல பாழடஞ்ச வேட்டைக் குடிசையிலயா. தோல் உறையோடயா. கூட வேற ஏதாவது கெடந்துச்சான்னு... கேக்கலையா. சரி, யாரு கேப்பா.

இது டி. டொபயஸ்ங்கற என் பேரோட டி. எட்டு வயசுல நான் கீறினது. அப்பா இத அண்ணன் ஆர்லோவுக்குக் குடுத்துட்டாரேன்னு வயித்தெரிச்சல். பிடரியில ஒன்னு விட்டான் பாருங்க, இன்னும் வலிக்குது.

பதினொரு வருஷம் முன்னாடி இத இடுப்புல சொருகிக்கிட்டு மான் வேட்டைக்குப் போனான். ஆளும் கெடைக்கல, இதுவும் கெடைக்கல. துப்பாக்கி சிக்காத வரைக்கும் அவன் எங்கயோ இருக்கான் அண்ணின்னு நாந்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். இனிமே என்னத்தச் சொல்ல.

எங்க வீட்டுல அவனுக்கு மட்டுந்தான் அந்த வேர்வை. அம்மா கத்தரிக்கோலத் தொடவே விட மாட்டாங்க.

நாலு உப்புத்தாள் மாத்தினேன் தம்பி. தடவிப் பாருங்க. ஒரு ரேகை மிச்சம் இல்ல.